கோணித் தையல் போட்ட டூட்டிப்பிரி

போன வாரம் கீழ்வேளூரில் ஓர் இ-சேவை மையத்தில் நானும் தங்கராசுவும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அவன் அப்பா பெயரில் இருக்கிற மூன்று மா நிலத்தின் பட்டாவை அவன் பெயருக்கு மாற்ற வேண்டும். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. “சும்மா தொணைக்கு வா மாப்ள” என்று போன் செய்தான். நீடாமங்கலத்தில் பாசஞ்சர் ரயில் ஏறிவிட்டேன். துபாயில் இருபது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவனை யாராவது ஓரிடத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்றாலே பெரிய விஷயம்தான்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், “பழைய பட்டா, பத்திரம் எல்லாம் கொண்டாந்திருக்கீங்களா சார்?” என்று கேட்டாள். தங்கராசு துணிப்பைக்குள் கைவிட்டு இன்னொரு பையை எடுத்து மேஜைமேல் வைத்தான். கெட்டியான கண்ணாடித் தாள் பை. ஓரமெல்லாம் சிவப்புக் கோடு. பழுத்து மஞ்சளாகியிருந்தது. அதன் ஒரு பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு, நெல் மூட்டையின் வாயைத் தைப்பதுபோலச் சணல் நூலால் தையல் போட்டிருந்தது.

“கத்திரி இருக்காம்மா?” என்றான்.

“என்ன சார் இது, மூட்ட மாதிரி தச்சு வச்சிருக்கீங்க? ஏர்போர்ட் பை மாதிரியும் இருக்கு?”

“ரெண்டுந்தாம்மா.”

அவன் சணலை நறுக்கிப் பையைப் பிரித்தான். உள்ளிருந்து முதலில் வெளியே வந்தது பத்திரம் இல்லை, வாசனை. லேசாக, மிக லேசாக, கோடாலித் தைலத்தின் வாசனை. அந்தப் பெண் மூக்கைச் சுளித்தாள். தங்கராசு திரும்பி என்னைப் பார்த்தான். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன். அந்தப் பையைக் கிழித்தவன் நான்தான்.

இதைச் சொல்வதற்கு முன்னால் உங்களுக்கு ‘டூட்டிப்பிரி’ என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். விமான நிலையத்தில் வரியில்லாமல் விற்கிற கடை என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கீழ்வேளூருக்குத் தெற்கே, தங்கராசுவின் ஊரில், அது ஒரு சரக்கின் பெயர். ‘துபாய்லேர்ந்து டூட்டிப்பிரி வந்திருக்கு’ என்பார்கள். பாட்டிலில் ஒட்டியிருக்கிற பெயரை யாரும் படிப்பதில்லை. ஒருமுறை நான் பொறுமையாக உட்கார்ந்து, டூட்டி என்றால் தீர்வை, ஃப்ரீ என்றால் இல்லாதது, அது கடையின் பெயர், சரக்கின் பெயர் வேறே என்று விளக்கினேன். எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். கடைசியில் ஒருவர், “ஆக, டூட்டிப்பிரிதான் ஒசத்தின்னு சொல்றீங்க” என்று முடித்துவைத்தார்.

சரக்குக்கு அடையாளம் பைதான். பாட்டிலைக் கடையில் போட்டு ஒட்டித் தருகிறார்களே, அந்த சீல் பை. அது கிழியாமல் ஊர் வந்து சேர்ந்தால்தான் டூட்டிப்பிரி. முன்பு எவனோ ஒருவன் வரும் வழியிலேயே தன் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, அதில் திருவாரூரில் வாங்கியதை ஊற்றி ஊரை ஏமாற்றப் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து அங்கே சீல் பார்க்காமல் யாரும் நம்புவதில்லை. பார்ப்பவர் தங்கராசுவின் தாய்மாமா கோவிந்தசாமி. நெல்லை ஒரு மணி வாயில் போட்டுக் கடித்து, காய்ந்ததா காயாததா என்று சொல்கிற மனிதர். அதே முகத்தோடு பையின் வாயைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்து, “ம், ஆவட்டும்” என்பார். அதற்குப் பிறகுதான் டம்ளர்கள் வெளியே வரும்.

தங்கராசு டக்ட் வேலை செய்கிறவன். பெரிய கட்டடங்களில் ஏ.சி. காற்று போகிற தகரக் குழாய்களை உத்தரத்தில் மாட்டுகிற வேலை. துபாயில் எங்கள் அறையில் எட்டுப் பேர். கீழ்க்கட்டில் எனக்கு, மேல்கட்டில் அவனுக்கு. முதல் வருஷம் முழுக்க என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டான். நான் நீடாமங்கலம் பக்கத்தில் நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பையன். பெரிய மிராசு எல்லாம் இல்லை. ஆனால் வரப்பில் எந்தப் பக்கம் நின்றோம் என்பதில் அவனுக்கும் சந்தேகமில்லை, எனக்கும் சந்தேகமில்லை. ஒருநாள் அவன் வைத்த சாம்பாரில் புளி தூக்கல் என்று நான் குறை சொன்னேன். “அப்ப நாளைக்கு நீ வையி மாப்ள” என்றான். அன்றோடு சார் போயிற்று. மறுநாள் நான் வைத்த சாம்பாரை யாரும் சாப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஒன்று. லீவில் ஊருக்கு வரும்போது, திருச்சி விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்து, வெளியே என் வீட்டார் நிற்பது தெரிந்ததும், அவன் குரல் இறங்கிவிடும். “வர்றேங்க சார்” என்று சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போவான். எனக்கு அது முள்ளாகக் குத்தும். குத்தியதே தவிர, நானும் ஒன்றும் சொன்னதில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவன் திறமைகளைச் சொன்னால் நாள் போய்விடும். பெட்டியைக் கையால் தூக்கியே எடை சொல்லுவான். சின்ன வயதில் களத்துக்குக் கதிர்க்கட்டு சுமந்த தோள். “இருவத்தி மூணத் தாண்டுது. ஒரு சோப்பு எடுத்துரு” என்பான். சோப்பை எடுத்துவிட்டுப் போனால் விமான நிலையத்துத் தராசு சரியாக இருபத்து மூன்றில் நிற்கும். ஊருக்குப் போகிற ஒவ்வொருவனும் எங்கள் அறை வாசலில் பெட்டியோடு வந்து நிற்பான். அதைவிட, வழியில் இறங்கி ஏறுகிற பயணத்தில் பாட்டில் கொண்டுபோவது எப்படி என்று அவனுக்கு அத்துப்படி. அப்போதெல்லாம் நாங்கள் கொழும்பில் இறங்கி, வேறு விமானம் மாறித்தான் திருச்சி வருவோம். இங்கிலீஷில் தன் பெயரை எழுதுவதற்குள் வியர்த்துவிடும் அவனுக்கு. ஆனால் அந்தப் பையின்மேல் அச்சிட்டிருந்ததை மட்டும் யாரிடமோ கேட்டு மனப்பாடம் செய்துவைத்திருந்தான்.

“சீலு ஒடையக்கூடாது. போய்ச் சேர்ற எடம் வர்ற வரைக்கும் தொறக்கக்கூடாது. பில்லு உள்ள இருக்கணும், வெளிய தெரியணும். அது உள்ள இருந்தாதான் செல்லும்.”

முதல்முறை ஊருக்குப் போகிறவர்களுக்கு இதை மூன்று தடவை சொல்லுவான். எனக்கும் சொல்லியிருக்கிறான்.

இனி அவன் அப்பாவைப் பற்றி. காத்தமுத்து என்று பெயர். முப்பது வருஷம் ஒரு பண்ணையில் வேலை பார்த்தவர். அந்தப் பெரிய வீட்டில் யாரோ குடித்துவிட்டுப் போட்ட ஒரு காலி பாட்டில் எப்போதோ அவர் கைக்கு வந்தது. பச்சைக் கண்ணாடி, சதுர வடிவம். நெஞ்சுப் பக்கத்தில் கண்ணாடியிலேயே மூன்று சாவிகள் புடைத்துக்கொண்டிருக்கும். லேபிள் போனாலும் சாவி போகவில்லை. அதில்தான் தினமும் கடுங்காப்பி ஊற்றிக்கொண்டு வயலுக்குப் போவார். மண்வெட்டியால் வரப்பைச் செதுக்கி அண்டை வெட்டும்போது ஓரமாக அந்தப் பாட்டில் நிற்குமாம். தங்கராசு சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்டிருக்கிறான்.

“உள்ள என்னப்பா இருந்துச்சு?”

“எனக்கெப்படிடா தெரியும்? நம்மகிட்ட காலியாத்தான வந்துச்சு.”

இதை மேல்கட்டிலில் படுத்தபடி அவன் எனக்குச் சொன்னபோது, எங்கள் வீட்டிலிருந்து என்னென்ன காலியாகப் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

துபாய் வந்த ஒன்பதாவது வருஷம் தங்கராசு நிலம் வாங்கினான். அவன் அப்பா முப்பது வருஷம் அண்டை வெட்டிய அதே வயலில் மூன்று மா. ஓர் ஏக்கர்தான். பத்திரம் அப்பா பெயருக்குத்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். அந்த வருஷம் சம்பா நட்டார்கள். மார்கழியில் காத்தமுத்து போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அறை முழுக்கக் கேட்டது.

“தையில அறுப்புடா. மொத அறுப்பு. வந்துருவீல்ல?”

“வந்துருவேம்ப்பா. என்ன கொண்டாரட்டும்?”

எதையும் கேட்டு வாங்காத மனிதர் அவர்.

“அந்தச் சாவி போட்டது கெடைக்குமாடா? காலி இல்ல. நெறஞ்சது.”

அதன் பிறகு ஒரு மாதம் தங்கராசு படாதபாடு பட்டான். சாவி போட்ட பாட்டில் எங்கும் இல்லை. அது அரதப்பழசு, இப்போது யாரும் வாங்குவதில்லை என்றார்கள். எனக்கும் அதே நாளில் லீவு. விமான நிலையத்துக் கடையில், வாசனைத் திரவியத்தை ஓசியில் மணிக்கட்டில் அடித்துக்கொண்டு நான் நின்றிருந்தபோது, கீழ்த்தட்டில் குனிந்து தேடிக்கொண்டிருந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கையில் பச்சைப் பாட்டில். மூன்று சாவி. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, நிறைந்திருக்கிறதா என்று பார்த்தான் பாருங்கள், அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். கடைப் பெண்ணிடம் சின்னப் பை தீர்ந்துபோயிருந்தது. பெரிய பையில் போட்டு, பில்லை உள்ளே வைத்து ஒட்டிக் கொடுத்தாள்.

அந்தப் பெரிய பைதான் வினையாகிவிட்டது.

கொழும்பில் காலையில் இறங்கினோம். திருச்சி விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. “பல்லு தேச்சிட்டு வர்றேன், பாத்துக்க மாப்ள” என்று பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தால், பாட்டிலைச் சுற்றி எவ்வளவு இடம்! வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. காலி இடத்தைக் கண்டால் தாங்காது. ஷூவுக்குள் சாக்லேட், குக்கருக்குள் பால்பவுடர், கம்பளிச் சுருட்டுக்குள் டார்ச் லைட். ஓர் இண்டு இடுக்கு விடுவதில்லை. என் கைப்பையோ ஜிப் பிதுங்கி நின்றது. அக்காவுக்கு வாங்கிய மூன்று கோடாலித் தைலப் புட்டிகள் சட்டைப் பையில் குத்திக்கொண்டிருந்தன. என்ன யோசித்தேன் என்று கேட்காதீர்கள், யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். வீட்டுச் சாவியை எடுத்துப் பையின் பக்கவாட்டில் ஒரு சாண் கிழித்து, மூன்று புட்டிகளையும் அழகாக உள்ளே இறக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தன. எனக்கே என்மேல் ஒரு பெருமிதம் வந்தது.

தங்கராசு முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். பையைப் பார்த்தான்.

“மாப்ள. என்ன பண்ண?”

“எடம் காலியா இருந்துச்சு.”

இன்றைக்கும் இந்த வாக்கியத்தை நினைத்தால் காது சுடுகிறது. அவன் கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். என் பாட்டில் சீல் உடையாமல் இருந்தது. மச்சானுக்கு வாங்கியது, உசத்தியானதும்கூட. அதை அவன் மடியில் வைத்து, “இத எடுத்துக்க” என்றேன். அவன் பார்த்துவிட்டு மெதுவாகத் திருப்பிக் கொடுத்தான்.

“இதுல சாவி இல்லையே மாப்ள. அப்பா அது ஒண்ணத்தான கேட்டாரு. இத்தன வருசத்துல அது ஒண்ணுதான் கேட்டாரு.”

சோதனை வாசலில் காக்கிச் சீருடைப் பெண் ஒருத்தி பையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் பேசியது எங்கள் தமிழில்லை, அந்த ஊர்த் தமிழ்.

“சீல் உடைஞ்சிருக்கு. கொண்டு போக ஏலாது. இஞ்ச வச்சிட்டுத்தான் போகவேணும்.” பிறகு உள்ளே கைவிட்டு என் புட்டிகளை எடுத்துப் பார்த்தாள். “தைலம் பிரச்சினை இல்லை. அதைக் கொண்டு போங்கோ.”

அந்த நேரத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

நான் அவனாக இருந்திருந்தால் கெஞ்சியிருப்பேன், இல்லை சண்டை போட்டிருப்பேன். தங்கராசு இரண்டும் செய்யவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் நேரம் கேட்பதுபோல, நிதானமாகச் சொன்னான்.

“நீங்க சொல்றது சரிம்மா. சட்டம் எனக்கும் தெரியும். இந்தப் பாட்டில எங்கப்பா காலியாவே முப்பது வருசம் தூக்கிட்டுத் திரிஞ்சவரு. இப்ப சொந்த வயலு அறுக்கப்போறாரு. நெறஞ்சதா ஒண்ணு கொண்டான்னாரு. இத வீசாம ஊருக்கு அனுப்ப வேற வழி ஏதும் இருந்தா சொல்லுங்க. நீங்க சொல்றபடி செய்யிறேன்.”

அவள் அவனைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். “கையில கொண்டு போக ஏலாது. பெட்டியோட கீழ போடலாம். அந்த மாற்றுப் பயணக் கவுண்டர்ல போய்க் கேளுங்கோ. பாட்டில் உடைஞ்சா ஒருத்தரும் பொறுப்பில்லை, சொல்லிப்போட்டன்.”

கவுண்டரில் இருந்த இளைஞன், மூடுகிற மாதிரி ஒரு பையில் போட்டுக் கொடுத்தால் அனுப்பலாம் என்றான். தங்கராசு தன் ரெக்சின் பையைத் தரையில் கவிழ்த்தான். ஆனால் உடையாமல் இருக்கச் சுற்றி வைக்க என்ன இருக்கிறது? இரண்டு சட்டை, ஒரு கைலி. அதற்குள் திருச்சிக்குப் போக நின்ற வரிசைக்கு விஷயம் போய்விட்டது. நம் ஆட்கள்தானே, ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் தன் கைலியை உருவிக் கொடுத்தார். கட்டியிருந்ததை இல்லை, பையில் இருந்ததைத்தான். ஒருவர் ஸ்வெட்டர் தந்தார், ஒருவர் பிள்ளைக்கு வாங்கிய கரடி பொம்மையைத் தந்தார். கடைசியாக நாகூர் பாய் ஒருவர், பிரிக்காத புதுத் துண்டு ஒன்றை உறையோடு நீட்டினார். திக்கான துண்டு, கம்பளி மாதிரி. தங்கராசு தயங்கினான்.

“வேணாம் பாய். ஒடஞ்சிருச்சுன்னா உங்க துண்டுல பட்டுரும்.”

“நான் அதத் தொடமாட்டேன் தம்பி. வாப்பாவுக்குன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் துண்டு. சுத்துங்க.”

தங்கராசு பாட்டிலைக் கிழிந்த பையோடு, உள்ளே பில்லோடு, அப்படியே துண்டில் வைத்துச் சுற்றினான். கைக்குழந்தையைச் சுற்றுவதுபோலத்தான் இருந்தது. முழுக்கச் சுற்றுமுன் நிறுத்தி என் பக்கம் கை நீட்டினான்.

“ஒன் தைலத்தையும் குடு.”

“எதுக்கு?”

“எடம் காலியா இருக்குல்ல.”

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது எதனால் என்று எனக்குத் தெரியும். தன் அப்பாவின் ஒரே ஆசையில் ஓட்டை போட்டவனை, அரைமணி நேரத்துக்குள் இப்படிச் சிரித்து மன்னிக்க எனக்கு வராது. அன்றும் வராது, இன்றும் வராது.

திருச்சியில் பெட்டிகள் வருகிற பட்டை ஓட ஆரம்பித்தது. கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள், புலி படம் போட்ட கம்பளிகள், டிவி பெட்டிகள் எல்லாம் வந்தன. துணி கொடுத்தவர்கள் யாரும் நகரவில்லை. தங்கள் பெட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டு எங்களோடு நின்றார்கள். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ரெக்சின் பை வந்தது. அடியில் ஈரம். கறுப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். தங்கராசு அதைத் தூக்காமல் நின்றான். பை எங்களைத் தாண்டி இன்னொரு சுற்றுப் போயிற்று.

இரண்டாவது சுற்றில் நான்தான் எடுத்தேன். ஜிப்பைத் திறந்ததும் குப்பென்று அடித்தது. கண் எரிந்தது. பாய்தான் முதலில் மூக்கை நீட்டி மோந்து பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார்.

“அல்ஹம்துலில்லாஹ்! தைலம்!”

மூன்று புட்டியும் நொறுங்கியிருந்தன. பாட்டிலில் ஒரு கீறல் இல்லை. கைலி, ஸ்வெட்டர், கரடி பொம்மை, துண்டு எல்லாவற்றிலும் தைல வாசனை. அவரவர் துணியை மோந்து மோந்து வாங்கிக்கொண்டு போனார்கள். சளி பிடிக்காது என்றார் பட்டுக்கோட்டைக்காரர். கண்ணாடிக் கதவு திறந்தது. வெளியே என் அண்ணன், மாமா எல்லாரும் நின்றார்கள். தங்கராசு வண்டியைத் திருப்பினான். நான் அந்த ‘சாரு’க்காகக் காத்திருந்தேன்.

“மாப்ள!” என்று அந்தப் பக்கத்திலிருந்து கூப்பாடு போட்டான். “அக்காவுக்கு அடுத்த தடவ நான் தைலம் வாங்கியாறேன்னு சொல்லு!”

என் மாமா யார் அது என்று கேட்டார். “என் சிநேகிதன்” என்றேன். இவ்வளவு சின்ன வார்த்தையைச் சொல்ல எனக்கு அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அறுப்பன்று போயிருந்தேன். மெஷின் அறுத்துவிட்டுப் போய், மூட்டை பிடித்து, வாய் தைத்து அடுக்கியிருந்தார்கள். வரப்பில் எட்டுப் பத்துப் பேர். கோவிந்தசாமி மாமா பையை வாங்கினார். கட்டைவிரல் நீவிக்கொண்டே போய்க் கிழிசலில் நின்றது.

“இது டூட்டிப்பிரி இல்ல” என்றார். தீர்ப்பு.

தங்கராசு என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான்தான் எழுந்து நின்று நடந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், மாமாவைத் தவிர. அவர் பையை மோந்து பார்த்தார். இன்னொரு தடவை மோந்து பார்த்தார். முகம் மாறியது.

“சரக்கு ஒசத்திதான் போலருக்கு. வாசன கண்ணுல ஏறுதே” என்றார்.

அன்றிலிருந்து அந்த ஊரில் அசல் டூட்டிப்பிரிக்குத் தைல வாசனை இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்கு நான் பொறுப்பு.

காத்தமுத்து பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அந்த மூன்று சாவிகளையும் விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மூடியைத் திருகி, மூடியளவு எடுத்து வரப்பில் ஊற்றினார். மண் குடித்துவிட்டது. இருந்தது ஒரே எவர்சில்வர் டம்ளர். கொஞ்சம் ஊற்றி வாயில் வைத்தார். அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கினார். அறுத்த தாளடியை ஒரு பார்வை பார்த்தார்.

“இதானா?” என்றார். உதட்டைத் துடைத்துக்கொண்டு, “நம்ம கடுங்காப்பியே தேவல” என்றார்.

சிரிப்பு அடங்கியதும் அதே டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினார். “குடிங்க தம்பி.” நான் வாங்கிக் குடித்தேன். தொண்டை எரிந்தது, தைலம் மணத்தது. எங்கள் பக்கத்தில் அந்த ஒரு டம்ளர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை.

மிச்சத்தை ஊரே நக்கிப் பார்த்துத் தீர்த்தது. காலி பாட்டிலைக் காத்தமுத்து கழுவிக் கடுங்காப்பி ஊற்றிக்கொண்டு மறுபடி வயலுக்குப் போக ஆரம்பித்தார், இந்த முறை சொந்த வயலுக்கு. பையை அவர் வீசவில்லை. மூட்டை தைத்த கோணி ஊசியாலேயே என் கிழிசலைத் தைத்து, அதற்குள் பத்திரம், பட்டா, கிஸ்தி ரசீது எல்லாவற்றையும் வைத்துக்கொண்டார். எப்போதாவது எடுக்க வேண்டுமென்றால் தையலைப் பிரிப்பார், வேலை முடிந்ததும் மறுபடி தைப்பார். ஒரு புயலில் அவர்கள் வீட்டு ஓடு சரிந்து, மூன்று நாள் மழை உள்ளேயே பெய்தது. இரண்டு சாவிப் பாட்டில்களும், பழையதும் புதியதும், அதில் நொறுங்கின. பைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை.

இப்போது நேரே திருச்சிக்கே விமானம் வருகிறது. தங்கராசுவின் ஊரிலிருந்து போகிற பிள்ளைகள் கணினி படித்துவிட்டுப் போகிறார்கள். அப்பாவுக்கு மாத்திரை, பிரஷர் பார்க்கிற மெஷின் என்று வாங்கி வருகிறார்கள். நல்லதுதான். சீல் பார்க்க மாமா இல்லை, அவர் போய் ஆறு வருஷமாகிறது. கையால் தூக்கி எடை சொல்ல யாரும் தேவையில்லை, அதற்கும் கையளவில் மெஷின் வந்துவிட்டது. காத்தமுத்து போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். அதனால்தான் பட்டா மாற்றம், அதனால்தான் கீழ்வேளூர்.

அந்தப் பெண் பைக்குள்ளிருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து ஸ்கேன் செய்தாள். பத்திரம், பட்டா, ரசீதுகள். கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த நீளத் துண்டுத் தாள் ஒன்று வந்தது. முன்னும் பின்னும் திருப்பினாள். எழுத்தே இல்லை. தைலம் பட்டதாலோ நாளானதாலோ, மை எல்லாம் பறந்துபோயிருந்தது.

“இது வெறும் பேப்பர் சார். போட்டுரவா?”

துபாய் கடையின் பில். எழுதப் படிக்கத் தெரியாத காத்தமுத்து, மகன் சொன்னதைக் கேட்டு, இத்தனை வருஷம் ஒவ்வொரு தடவையும் பிரித்துத் தைக்கும்போது அதை மறக்காமல் உள்ளே வைத்திருக்கிறார்.

தங்கராசு அதை அவள் கையிலிருந்து வாங்கினான். சொக்காயில் ஒரு தடவை துடைத்தான். பையில் வைத்தான்.

“இருக்கட்டும்மா. இது உள்ள இருந்தாதான் செல்லும்.”